கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க எந்த ஊருக்குப் போகலாம்?

ஜெர்மனியில் இருக்கும் தமிழர்களுக்கு அக்டோபர் பிறந்ததும் ஊரிலிருந்து தவறாமல் ஒரு கேள்வி வரும். "அரையாண்டு லீவுக்குப் பிள்ளைகளோட அங்க வர்றோம். கிறிஸ்துமஸ் மார்க்கெட் பாக்கணும், எந்த ஊர் நல்லா இருக்கும்?" கேட்பவர்கள் நியூரம்பெர்க் படமோ ஸ்ட்ராஸ்பூர்க் படமோ பார்த்து ஆசைப்பட்டிருப்பார்கள். விமான டிக்கெட்டை மட்டும் டிசம்பர் 24 இரவுக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த டிக்கெட்டில் வந்து இறங்கினால் இரண்டு ஊரிலும் சந்தை முடிந்திருக்கும்.

அதனால் முதலில் தேதியைப் பேசிவிடலாம். இந்தச் சந்தைகள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலத்துக்கு உரியவை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காலம் அது. முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் ஏதோ ஒரு தேதியில் விழும். அதற்கு முந்தைய ஞாயிறு ஜெர்மனியில் இறந்தவர்களை நினைக்கும் நாள் என்பதால், பழைய முறையை விடாத ஊர்கள் அது கழிந்த பிறகே கடை திறக்கும். 24-ஆம் தேதி மாலை குடும்பத்தோடு வீட்டில் இருக்கும் நேரம். கடைக்காரர்களும் வீட்டுக்குப் போக வேண்டாமா? நியூரம்பெர்க்கும் டிரெஸ்டனும் 24 மதியத்தோடு மூடிவிடும். ஸ்ட்ராஸ்பூர்க்குக்கும் பெரும்பாலும் அதுதான் கடைசி நாள். கொலோன் பேராலயச் சந்தை 23-ஆம் தேதியே முடிந்துவிடும். 25, 26 இரண்டு நாளும் ஜெர்மனியில் பொது விடுமுறை. சூப்பர் மார்க்கெட்கூடத் திறந்திருக்காது.

ஆக, உங்கள் பயணம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் முதல் கேள்வி. டிசம்பர் 20-க்கு முன்னால் வர முடிந்தால் ஜெர்மனியின் நியூரம்பெர்க், டிரெஸ்டன், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க், ஆஸ்திரியாவின் வியன்னா என்ற நாலு ஊரில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். பள்ளி விடுமுறைக்குப் பிறகுதான் முடியும் என்றால் வியன்னாதான் கைகொடுக்கும். இந்த நாலைத் தவிர நூற்றுக்கணக்கான ஊர்களில் சந்தை உண்டு. சின்ன ஊர்ச் சந்தைகள் சில நேரம் இவற்றைவிட அழகாகவும் இருக்கும். ஆனால் அவற்றில் பல வார இறுதியில் மட்டுமே நடக்கும். அவ்வளவு தூரத்திலிருந்து அதை நம்பி வர முடியாது.

நியூரம்பெர்க்: சடங்குக்காகப் போகிற ஊர்

முதல் அட்வெந்து ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மாலை 5.30. ஹாப்ட்மார்க்ட் சதுக்கத்தை ஒட்டி நிற்கும் மாதா கோயிலின் மாடத்தில் பொன்னிற முடியும் கிரீடமுமாக ஓர் இளம்பெண் வந்து நிற்பார். கீழே கூடியிருக்கும் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்து ஒரு கவிதை சொல்லிச் சந்தையைத் திறந்துவைப்பார். அவர்தான் கிறிஸ்ட்கிண்ட், அதாவது பாலன் இயேசுவின் பெயரால் பரிசு கொண்டுவருபவர். மார்ட்டின் லூதரின் சீர்திருத்தத்துக்குப் பிறகு, புனித நிக்கோலஸ் பரிசு தருவார் என்ற வழக்கத்தைப் புராட்டஸ்டண்டுகள் விட்டுவிட்டு, அந்த வேலையைக் குழந்தை இயேசுவிடம் கொடுத்தார்கள். அது நாளடைவில் தேவதை போன்ற ஒரு பெண்ணுருவாக மாறியது.

1969 முதல் இந்தப் பெண்ணை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர்க்காரர்களிடமிருந்தே தேர்ந்தெடுக்கிறார்கள். வயது 16 முதல் 19-க்குள், உயரம் குறைந்தது 160 செ.மீ., உயரத்தில் நிற்கப் பயம் கூடாது. மாடத்துக்குப் போகிறவர் தலைசுற்றி நின்றால் என்ன ஆவது! 2019-இல் தேர்வானவர் இந்தியத் தந்தைக்குப் பிறந்த பெண். அவரைப் பற்றி ஒரு வலதுசாரிக் கட்சியின் உள்ளூர்க் கிளை இழிவாக எழுதியது. நாடு முழுக்கக் கண்டனம் கிளம்பியது. அந்தப் பெண் பொன்முடி சூடி மாடத்தில் ஏறித் தன் கவிதையைச் சொன்னார்.

சந்தைக்கு இருக்கும் மிகப் பழைய சான்று, 1628 என்று ஆண்டு குறித்த ஒரு மரப்பெட்டி. அது நகரின் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழமை என்று இங்கே சொல்லப்படுவதில் புதிதும் கலந்திருப்பதை மறைக்கத் தேவையில்லை. ஊரில் வேறு வேறு இடங்களுக்கு மாறிக்கொண்டிருந்த சந்தையை 1933-இல் நடுச்சதுக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து பெரிய விழாவாக ஆக்கியது நாஜி நகராட்சி. போரில் சந்தை நின்றது. 1948-இல் இடிபாடுகளுக்கு நடுவே மறுபடி தொடங்கியது. மாடத்தில் சொல்லும் கவிதையும் அந்த ஆண்டு எழுதியதுதான்.

சதுக்கத்தில் ஏறத்தாழ 180 கடைகள். எல்லாமே மரச்சட்டம், மேலே சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரை. பிளாஸ்டிக் தோரணத்துக்கும் ஒலிபெருக்கிப் பாட்டுக்கும் நகராட்சி இடம் தருவதில்லை. இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது மற்ற ஊர்ச் சந்தைகளில் ஒரே பாட்டைப் பத்துக் கடையில் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். குழந்தைகளுக்கான ராட்டினங்கள் பக்கத்திலேயே தனிச் சதுக்கத்தில் இருக்கின்றன. உலர்ந்த ப்ளம் பழங்களைக் கம்பியில் கோத்து, வால்நட்டைத் தலையாக வைத்துச் செய்யும் குட்டி மனிதர்கள் இந்த ஊரின் அடையாளப் பொம்மை. காவல்காரர், பாட்டி, மருத்துவர் என்று எல்லா வேடத்திலும் கிடைப்பார்கள். சாப்பிடுவதற்கு லேப்கூகன் என்ற மசாலா கேக் வாங்கலாம். அதில் எலிசன் என்று போட்டிருப்பதை எடுங்கள். அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் கொட்டை வகை கால் பங்காவது இருக்க வேண்டும், மாவு பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சுண்டுவிரல் நீளத்தில் மூன்று சாசேஜை ஒரு பன்னில் வைத்துத் தருவார்கள். முழுக்கப் பன்றி இறைச்சி, மார்ஜரம் மூலிகை மணம். நியூரம்பெர்க் எல்லைக்குள் செய்தால் மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம் என்று ஐரோப்பியச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

தொடக்க நாளில் போகாதீர்கள் என்பது என் கருத்து. மாடம் தெரிகிற இடத்தில் நிற்க வெகு முன்னாலேயே போக வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் நிற்பவரின் தொப்பியைத்தான் பார்ப்பீர்கள். வார நாள் மதியங்களில் கிறிஸ்ட்கிண்ட் சந்தைக்குள் வந்து பிள்ளைகளைச் சந்திப்பது வழக்கம், அந்த நாட்களை நகராட்சி முன்கூட்டியே சொல்லிவிடும். குழந்தைகளுக்கு அதுதான் நல்லது.

குறை என்ன? சந்தை ஒரு சதுக்கத்தோடு முடிகிறது. இரண்டு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். மறுநாளைக்கு ஓவியர் டியூரரின் வீடு, கோட்டை, போர்க்குற்ற விசாரணை நடந்த 600-ஆம் எண் நீதிமன்ற அறை என்று பார்க்க வேறு உண்டு. சந்தைக்கு மட்டும் என்றால் ஒரு நாள் போதும். ஃபிராங்ஃபுர்ட்டிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், மியூனிக்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வருவதும் போவதும் சுலபம்.

டிரெஸ்டன்: பொருள் வாங்குகிறவர்களின் ஊர்

நாலு ஊரில் என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

டிரெஸ்டனின் ஷ்ட்ரீட்செல்மார்க்ட் என்ற சந்தை 1434-இல் தொடங்கியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஒரு நாள் மட்டும் இறைச்சிச் சந்தை நடத்திக்கொள்ள சாக்சனி ஆட்சியாளர் இரண்டாம் ஃபிரெட்ரிக் தந்த அனுமதிதான் ஆரம்பம். நோன்பு முடிந்து கறி சமைக்க ஆட்கள் அலைமோதியிருப்பார்கள்! அங்கிருந்து கடைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து இன்றைய சந்தை வளர்ந்தது.

இங்கே விசேஷம் மரவேலை. ஊருக்குத் தெற்கே செக் எல்லையை ஒட்டி எர்ட்ஸ்கெபிர்கெ என்ற மலைத்தொடர் இருக்கிறது. பல நூறு ஆண்டுகள் வெள்ளியும் ஈயமும் தோண்டிய இடம். சுரங்கம் வற்ற வற்ற மக்கள் மரத்துக்குக் கை மாற்றினார்கள். சைஃபென் என்ற மலையூர் முழுக்கக் கடைசல் பட்டறைகளாயின. அம்பாசமுத்திரம் மரச்செப்பு எப்படி ஒரு ஊரின் கைவேலையோ அதே மாதிரிதான் இதுவும், அளவில்தான் பெரியது. அவர்களிடம் மட்டும் இருக்கும் ஒரு வித்தை உண்டு. வட்டமாக அறுத்த, ஈரம் காயாத மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டி, உளியால் மேடும் பள்ளமுமாகக் கடைந்து ஒரு வளையம் எடுப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது என்னவென்றே தெரியாது. வளையத்தைக் கத்தி வைத்துப் பிளந்ததும், ஒவ்வொரு துண்டிலும் பக்கவாட்டில் ஒரு குதிரை நிற்கும், அல்லது ஒரு மாடு நிற்கும். உளி பிடிப்பவர் உருவத்தைக் கண்ணால் பார்க்காமலே கடைந்திருப்பார்.

குளிர்காலத்தில் விடியுமுன் சுரங்கத்துக்குள் இறங்கி, இருட்டிய பிறகு மேலே வந்த மனிதர்களுக்கு வெளிச்சத்தின் மேல் இருந்த ஏக்கம் இந்தப் பொருள்களில் தெரிகிறது. சன்னலில் வைக்கும் வளைவு விளக்கு, மெழுகுத்திரிச் சூட்டில் காற்றாடி சுழன்று பொம்மைகள் சுற்றும் பிரமிடு, கையில் விளக்கு ஏந்திய சுரங்கத் தொழிலாளியும் தேவதையும். பையனுக்கு ஒரு தொழிலாளி, பெண்ணுக்கு ஒரு தேவதை என்று வீட்டில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை பொம்மையைச் சன்னலில் நிறுத்துவது அந்த மலையின் வழக்கம். புகை பிடிக்கும் கிழவர் பொம்மையும் உண்டு. உடம்பைக் கழற்றி உள்ளே கூம்புச் சாம்பிராணி ஏற்றிவைத்தால் வாய் வழியாகப் புகை விடுவார். சந்தை நடுவில் 14 மீட்டருக்கு மேல் உயரமுள்ள பிரமிடு ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். அதுவும் இதே வகைதான், உருவம்தான் ராட்சசம்.

காகித நட்சத்திரங்களும் இந்தப் பக்கத்துச் சரக்கு. ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் செய்யும் 25 முனை நட்சத்திரத்துக்குள் விளக்குப் போட்டுத் தொங்கவிடுவார்கள். மொரேவியச் சபை என்ற கிறிஸ்தவப் பிரிவின் பள்ளியில் வடிவியல் பாடத்துக்காகப் பிள்ளைகள் செய்ததிலிருந்து வந்தது. அதே சபையின் ஊழியர்கள் 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து சில பத்தாண்டுகள் தங்கியிருந்தார்கள். டிசம்பரில் நம் ஊர் வீட்டு வாசல்களில் நட்சத்திரம் தொங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடையைத் தாண்டிப் போக மனம் வராது. மடித்துப் பெட்டியில் வைக்கலாம், எடையும் இல்லை.

அப்புறம் ஷ்டோலன், உலர் பழம் போட்ட கிறிஸ்துமஸ் ரொட்டி. அட்வெந்து நோன்புக் காலத்தில் வெண்ணெய்க்குத் தடை இருந்ததால், எண்ணெயில் செய்த சப்பென்ற ரொட்டியாகத்தான் இது இருந்தது. சாக்சனி பிரபுக்கள் ரோமுக்கு எழுதிக் கேட்டு, 1491-இல் போப் எட்டாம் இன்னசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி கொடுத்தார், அதற்கு ஒரு கட்டணமும் வைத்தார். 1730-இல் மன்னர் அகஸ்டஸ் தன் படை விழாவுக்கு 1.8 டன் எடையில் ஒரே ஷ்டோலன் சுடச் சொன்னார். இன்றும் இரண்டாம் அட்வெந்துக்கு முந்தைய சனிக்கிழமை ராட்சச ஷ்டோலன் ஒன்றை வண்டியில் ஏற்றி ஊர்வலம் விடுகிறார்கள். பொன்னிற முத்திரை ஒட்டியதை மட்டும் வாங்குங்கள். சில வாரம் கெடாது. உலர் திராட்சையை ரம்மில் ஊறவைப்பார்கள் என்பதை, வேண்டாம் என்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

டிரெஸ்டனின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சந்தை நடக்கும் ஆல்ட்மார்க்ட் 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் அழிந்த இடம். சுற்றிலும் நிற்பவை போருக்குப் பின் எழுந்த கட்டடங்கள். நியூரம்பெர்க்கும் போரில் சிதைந்ததுதான், ஆனால் அங்கே பழைய சாயலில் திரும்பக் கட்டியது அதிகம். இங்கே புகைப்படத்துக்குச் சில நிமிடம் நடந்து, 2005-இல் திரும்பக் கட்டி முடித்த ஃபிரௌவன்கிர்ஷெ தேவாலயத்தின் பக்கம் போக வேண்டும். அரண்மனையின் பழைய குதிரை முற்றத்தில் இடைக்காலப் பாணியில் இன்னொரு சந்தை நடக்கும், எனக்கு அது கொஞ்சம் வேஷம் போலத்தான் பட்டது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மரப்பொம்மை விலை கைவேலைக்கு உரிய விலை. உள்ளங்கை அளவுப் பொம்மையே 30, 40 யூரோ சொல்வார்கள். பேரம் பேசும் வழக்கம் கிடையாது. தூரமும் ஒரு குறைதான். ஃபிராங்ஃபுர்ட்டிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெர்லின் வழியாகவோ பிராக் வழியாகவோ வந்தால் சுமார் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான்.

ஸ்ட்ராஸ்பூர்க்: அழகு, விலை, நெரிசல்

பிரான்சில் இருந்தாலும் இது ரைன் நதிக்கரைக் கலாசாரம். 1570-இல் புராட்டஸ்டண்ட் நகரமாக இருந்தபோது, புனித நிக்கோலஸ் பெயரில் நடந்த சந்தையை மாற்றிக் கிறிஸ்ட்கிண்ட் பெயரில் நடத்தத் தொடங்கினார்கள். நியூரம்பெர்க்கில் பார்த்த அதே கதைதான். 1992 முதல் ஊர் தன்னைக் கிறிஸ்துமஸின் தலைநகர் என்று விளம்பரப்படுத்திக்கொள்கிறது. அந்த விளம்பரம் நன்றாகவே வேலை செய்துவிட்டது, இருபது லட்சத்துக்கு மேல் ஆட்கள் வருகிறார்கள்.

கண்ணுக்கு இதுதான் நாலில் முதலிடம், சந்தேகமே இல்லை. நதி சுற்றி ஓடும் தீவு முழுக்க, யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பழைய ஊருக்குள், சுமார் 300 மரக்குடில்கள் பல சதுக்கங்களில் பரவிக் கிடக்கின்றன. வீட்டுச் சுவர்களில் கரடிப் பொம்மையும் நட்சத்திரமும் தொங்கவிட்டிருப்பார்கள். க்ளெபெர் சதுக்கத்தில் 30 மீட்டர் உயரத்துக்கு நிஜ மரம். 142 மீட்டர் கோபுரத்தோடு நிற்கும் பேராலயத்தின் இளஞ்சிவப்புக் கல்லில் மாலை விளக்கு விழும் நேரத்தை எந்த ஊரும் விஞ்ச முடியாது. கிறிஸ்துமஸ் மரம் பற்றிய ஆகப் பழைய பதிவுகளும் இந்த அல்சாஸ் பகுதியிலிருந்துதான் கிடைக்கின்றன. செலஸ்டா நகரக் கணக்கில் 1521-இல் ஒரு குறிப்பு உண்டு. மரத்தில் ஆப்பிள் கட்டுவது அன்றைய வழக்கம். 1858-இல் வறட்சியால் ஆப்பிள் விளையாமல் போக, மைசந்தால் ஊர்ப் பக்கத்துக் கண்ணாடித் தொழிலாளி ஒருவர் ஊதிச் செய்த உருண்டைதான் மரத்தில் தொங்கும் கண்ணாடிக் குண்டுக்கு ஆரம்பம் என்று ஒரு கதை சொல்வார்கள். மைசந்தால் குண்டுகள் இன்றும் கிடைக்கின்றன.

சாப்பாட்டில் ப்ரெடெலெ என்ற சின்ன பிஸ்கட்டுகள், சோம்பு போட்டது, வெண்ணெய்யில் செய்தது என்று வகை வகையாக. சூடான வைனில் சிவப்போடு வெள்ளையும் கிடைக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு எச்சரிக்கவும் வேண்டியிருக்கிறது. டிசம்பர் சனிக்கிழமையில் அங்கே நடக்க முடியாது, தள்ளிக்கொண்டு போவார்கள். விடுதி விலை மற்ற மாதங்களைவிடப் பல மடங்கு ஏறும். நதிக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியில் இருக்கும் கேல் ஊரில் தங்கிவிட்டு, பாலம் தாண்டி வரும் டிராமில் வந்துபோவது பலரும் செய்யும் வழி. 2018 டிசம்பர் 11 அன்று இந்தச் சந்தையில் நடந்த துப்பாக்கித் தாக்குதலில் ஐந்து பேர் இறந்தார்கள். தீவுக்குள் நுழையும் பாலங்களில் பையைத் திறந்து பார்ப்பதுண்டு, சந்தை நேரத்தில் சில நிறுத்தங்களில் டிராம் நிற்காது. தூக்க முடியாத பெட்டியோடு நேராகச் சந்தைக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். 2016-இல் பெர்லினிலும் 2024-இல் மாக்டெபூர்கிலும் வாகனத்தை ஓட்டித் தாக்குதல் நடந்த பிறகு, எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாலும் கான்கிரீட் தடுப்பைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

திங்கள் முதல் வியாழன் வரை, காலை நேரமாகப் போக முடியும் என்பவர்களுக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கைத் தாராளமாகச் சொல்வேன். சனி ஞாயிறு மட்டும்தான் என்றால் வேண்டாம்.

வியன்னா: லீவுக்கு வருகிறவர்களுக்கு

வியன்னாவில் ஒரு சந்தை என்று இல்லை, ஊர் முழுக்க இருபது இடத்தில் நடக்கும். நவம்பர் நடுவிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். டிசம்பர் மாதச் சந்தைக்கு 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அனுமதி இருந்ததாக ஊர் பெருமை பேசும். ஆனால் எல்லோரும் படமெடுக்கும் நகர்மன்றச் சதுக்கத்துக்குச் சந்தை வந்தது 1975-இல்தான்.

அந்த நகர்மன்றச் சந்தை மின்விளக்கு, பனிச்சறுக்குத் தளம், பெருங்கூட்டம். ஒரு மாலை பார்த்துவிட்டு வரலாம். வாங்குவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, எந்த ஊரிலும் கிடைக்கும் சாமான்தான் அதிகம். கைவேலைப் பொருள் வேண்டுமென்றால் கார்ல்ஸ்கிர்ஷெ தேவாலயத்தின் முன் நடக்கும் சந்தை நல்லது. கடைக்காரர்களைக் குழு வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், சாப்பாடு இயற்கை விவசாயப் பொருளில் செய்தது, பிள்ளைகள் குதித்து விளையாட வைக்கோல் கொட்டிவைத்திருப்பார்கள். ஷ்பிட்டெல்பெர்க்கின் ஒடுக்கமான சந்துகளில் நடப்பது இன்னும் அழகு. ஆனால் இந்த இரண்டும் 23-ஆம் தேதியோடு சரி.

24-க்குப் பிறகு வருகிறவர்களுக்கு நகர்மன்றச் சந்தை 26 வரை இருக்கும். ஷோன்புருன் அரண்மனை முன் நடப்பது ஜனவரி முதல் வாரம் வரை போகும். இரண்டு பெரிய அருங்காட்சியகங்களுக்கு நடுவில் மரியா தெரேசா சதுக்கத்தில் இருப்பது, கிறிஸ்துமஸ் முடிந்ததும் புத்தாண்டுச் சந்தையாக மாறிக்கொள்ளும். அப்போது தேவதைகள் ஓரம் போய், அதிர்ஷ்டத்துக்குக் கொடுக்கும் குட்டிப் பன்றிப் பொம்மைகள் கடைகளை நிறைக்கும். 31-ஆம் தேதி இரவு நகர நடுவில் மேடைகள் போட்டு நள்ளிரவு வரை இசை. மணி பன்னிரண்டு அடித்ததும் தெருவிலேயே ஜோடி ஜோடியாக வால்ட்ஸ் ஆடுவார்கள்.

அட்வெந்துச் சந்தையின் உணர்வு 27-ஆம் தேதி இருக்குமா என்றால், இருக்காது. காத்திருப்பு முடிந்துபோன ஊரில்தான் நீங்கள் நடப்பீர்கள். ஆனால் மற்ற மூன்று ஊரில் அன்றைக்கு வெறும் சதுக்கம்தான் இருக்கும். அத்தோடு, குளிர் தாங்காமல் போனால் பத்தடியில் ஒரு காபி ஹவுஸ், ஒரு அருங்காட்சியகம். வயதான பெற்றோரை அழைத்து வருகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். சந்தைகளில் உட்கார நாற்காலி இருப்பது அரிது. நின்றுகொண்டே சாப்பிடும் உயர மேசைகள்தான். கல் பாவிய தரை, சுழியத்தை ஒட்டிய குளிர், நாலு நாலரைக்கெல்லாம் இருட்டு. கழிப்பறைக்குச் சில்லறை கொடுக்க வேண்டும், அதற்கும் வரிசை. அம்மா அப்பாவோடு என்றால் வியன்னா, மறுபேச்சு இல்லை.

இதே தேதிக்கு மாற்று வேண்டுமென்றால் பிராக் பழைய நகரச் சதுக்கத்தில் ஜனவரி 6 வரை சந்தை உண்டு. வியன்னாவிலிருந்து ரயிலில் நாலு மணி நேரம். பெர்லினிலும் சில சந்தைகள் ஆண்டு முடியும் வரை ஓடும்.

சைவம், செலவு, நேரம்

சைவச் சாப்பாட்டில் எந்த ஊரும் பட்டினி போடாது. சுட்ட கஷ்கொட்டை, சர்க்கரைப் பாகில் புரட்டிய பாதாம் எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆப்பிள் கூழோடு தரும் உருளைக்கிழங்கு அடையில் முட்டை சேர்ப்பதுண்டு, சில கடையில் பன்றிக் கொழுப்பில் பொரிப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். டிரெஸ்டனில் பாலாடைக்கட்டியும் காளானும் வைத்துச் சுடும் கைரொட்டி வயிறு நிறைக்கும். வியன்னாவில் லாங்கோஷ், பூண்டு தடவிய பொரித்த ரொட்டி. ஸ்ட்ராஸ்பூர்க்கின் மெல்லிய ஃப்ளாம் ரொட்டியில் வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும், சைவ வகையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வாங்குவதற்குச் சிரமம் குறைந்தது வியன்னா, கூடுதல் நியூரம்பெர்க்.

சூடான வைன் கோப்பை நாலைந்து யூரோ, வியன்னாவில் சற்றுக் கூட. அதோடு கோப்பைக்கு மூன்று முதல் ஐந்து யூரோ முன்பணம் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் கிடைத்துவிடும். பலர் அந்த ஆண்டின் படம் போட்ட கோப்பையை நினைவுப்பொருளாக வைத்துக்கொள்வார்கள், மலிவான நினைவுப்பொருள் அதுதான். மது வேண்டாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கிண்டர்புன்ஷ் என்று கேளுங்கள். சூடான பழரசம், மசாலா மணத்தோடு. சில்லறை யூரோ கையில் இருக்கட்டும், எல்லாக் கடையிலும் கார்டு எடுப்பதில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை ஒரே ஆலோசனைதான். மதியம் மூன்றரைக்கு உள்ளே போய், வெளிச்சத்தில் பொருள் பார்த்து வாங்கி, இருட்டி விளக்கு ஏறியதும் ஒரு சுற்று வந்து, ஆறு மணிக்கு அலுவலகக் கூட்டம் நுழையும்போது வெளியே வந்துவிடுங்கள்.

சரி, எப்படி முடிவு செய்வது?

டிசம்பர் முதல் மூன்று வாரத்தில் வர முடிந்து, வீட்டுக்கு ஏதாவது நல்லதாக வாங்கிப்போக ஆசை என்றால் டிரெஸ்டன். சின்னப் பிள்ளைகளோடு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் நியூரம்பெர்க். புதிதாகக் கல்யாணமானவர்கள், படம் எடுக்கிறவர்கள், வார நாளில் வரக்கூடியவர்கள் என்றால் ஸ்ட்ராஸ்பூர்க். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பது அவர்களுக்கு இன்னொரு வசதி. பள்ளி லீவு, பெற்றோர், புத்தாண்டு எல்லாம் சேர்ந்தால் வியன்னா.

இரண்டு ஊர் பார்க்க நேரம் இருந்தால் பிராக்கையும் டிரெஸ்டனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20-ஆம் தேதிக்குப் பக்கமாக வந்து, 23 வரை டிரெஸ்டன், அப்புறம் ஆற்றோரமாகப் போகும் ரயிலில் பிராக் என்றால் சந்தையும் கிடைக்கும், 25-ஆம் தேதி கடை மூடிய ஊரில் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். நியூரம்பெர்க்கையும் வியன்னாவையும் சேர்ப்பவர்களுக்கு நேரடி ரயில் இருக்கிறது, நான்கைந்து மணி நேரம் ஆகும். நியூரம்பெர்க்கையும் டிரெஸ்டனையும் ஒரே வாரத்தில் திணிக்காதீர்கள். இடையில் வண்டி மாறி அரை நாள் போய்விடும்.

எல்லாமே ஷெங்கன் நாடுகள் என்பதால் ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், டிசம்பர் பயணத்துக்கு நேர்காணல் தேதிகள் சீக்கிரம் தீர்ந்துபோகும். சந்தைகளின் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு ஓரிரு நாள் நகரும். அந்தந்த நகராட்சி அறிவித்த தேதியைப் பார்த்துவிட்டு விமான டிக்கெட் போடுங்கள்.